சின்ன ஆபீஸ் ரவுட்டரில் நேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்திலிருந்து முப்பது கணினி வரை உள்ள அலுவலகம். ஒரு ஃபைபர் லைன். நெட் கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டி (ஃபைபர் லைன் வந்து சேரும் இடம்), அதற்குக் கீழே நீங்களே வாங்கி வைத்த ரவுட்டர். இந்த அமைப்போடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கான பக்கம் இது. பேச வசதியாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம்: பன்னிரண்டு கணினி, ஒரு டேலி சர்வர், கேமராப் படங்களைப் பதிவு செய்ய ஒரு டிவிஆர், இரண்டு ஐபி ஃபோன். உள்ளே 10.37.20 என்று தொடங்கும் முகவரிகள். வெளியே தெரியும் பொது ஐபி 203.0.113.7. (203.0.113 வரிசை உதாரணம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. தேடிப் பார்க்க வேண்டாம், அங்கே யாரும் இல்லை.)

நேட் உண்மையில் என்ன செய்கிறது?

நேட் என்பது நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன். முகவரியை மாற்றி எழுதுகிறது, மாற்றியதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வேலை.

10.37.20.15 என்ற கணினி 51514 என்ற போர்ட்டிலிருந்து (ஒரே முகவரியில் நடக்கும் பல இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) ஒரு வங்கித் தளத்தின் 443-ஆம் போர்ட்டுக்குப் பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, அனுப்புகிறது. ரவுட்டர் அதில் அனுப்புநர் இடத்தை அழித்து 203.0.113.7, போர்ட் 51514 என்று எழுதி வெளியே விடுகிறது. அதே போர்ட்டை வேறொரு கணினி ஏற்கெனவே அதே தளத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், வேறு எண் போடும். கூடவே தன் அட்டவணையில் ஒரு வரி: உள்ளே யார், வெளியே எந்த எண், யாரிடம் பேசுகிறார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் வரியை அடிக்கலாம். பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. வரி இல்லாமல் வெளியிலிருந்து ஒன்று வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது.

போர்ட் எண்ணையும் சேர்த்து மாற்றுவதால்தான் பன்னிரண்டு கணினிக்கும் ஒரே பொது ஐபி போதுமானதாகிறது. மைக்ரோடிக் ரவுட்டரில் ‘மாஸ்கரேட்’, சிஸ்கோ ரவுட்டரில் ‘ஓவர்லோட்’ என்று பார்ப்பதெல்லாம் இதைத்தான்.

இப்படி ஒரு சுற்றுவழி ஏன் வந்தது?

மேலே பார்த்த நான்கு எண் முகவரி முறைக்குப் பெயர் ஐபிவி4. அதில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடி. அது போதாது என்று 90-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் இருவரும் ஆர்எஃப்சி 1631 என்ற இணைய ஆவணத்தில் நேட்டை எழுதியபோது குறுகிய காலத் தீர்வு என்றுதான் முன்வைத்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் ‘தற்காலிகம்’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. உங்கள் நெட் கம்பெனி பொது ஐபிக்குத் தனிக் காசு கேட்பதன் பின்னணி இதுதான்.

உள்ளே எந்த முகவரி வரிசை வைக்கலாம்? பெட்டியோடு வந்த 192.168.1 அப்படியே இருக்கட்டுமா?

வேண்டாம். அலுவலகம் ஆரம்பிக்கும் நாளிலேயே மாற்றிவிடுங்கள். தனியார் பயன்பாட்டுக்கு 1996-இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய வரிசைகள் மூன்று: 10-இல் தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. ஊரில் பாதி வீட்டு ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1. நாளைக்கு உங்கள் கணக்காளர் வீட்டிலிருந்து விபிஎன் (ஆபீஸ் பிணையத்துக்குள் வர ஒரு பாதுகாப்பான இணைப்பு) போட்டு 192.168.1.10-இல் இருக்கும் டேலி சர்வரைத் திறக்கப் பார்ப்பார். அவர் கணினி அந்த எண்ணைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரியும், சர்வர் மட்டும் கிடைக்காது. அரை நாள் போய்விடும்.

10.37.20 போல நடுவில் ஏதாவது இரண்டு எண்ணைத் தோராயமாகப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. சர்வர், டிவிஆர், பிரிண்டர் மூன்றுக்கும் ரவுட்டரிலேயே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு டிவிஆருக்கு வேறு எண் வந்து, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே இன்னாருக்குக் கொடு என்ற ரவுட்டர் விதி) பிரிண்டரைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ஏன்?

என்னிடம் வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: வழியில் எத்தனை இடத்தில் நேட் நடக்கிறது? பெரும்பாலானவர்கள் ஒன்று என்பார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு இருக்கும், சமயத்தில் மூன்று.

எண்ணுவது எளிது. உங்கள் ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வேன் ஐபி, அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். பிறகு உலாவியில் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். இரண்டும் ஒன்றென்றால் நேட் ஒன்றுதான், தவறு உங்கள் ரவுட்டர் அமைப்பிலேயே இருக்கிறது. வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் சுவரில் இருக்கும் ஓஎன்டியும் ரவுட்டராக வேலை செய்கிறது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நெட் கம்பெனியே தன் பக்கம் நேட் செய்கிறது. அந்த வரிசை 2012-இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வேன் ஐபி 10-இல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

டிரேஸர்ட் கட்டளை போட்டு வழியைப் பார்ப்பதும் உண்டு. ஆனால் நடுவில் ஒரு 10.x முகவரி தெரிந்தவுடன் ‘நேட்’ என்று முடிவு கட்டாதீர்கள். சில கம்பெனிகள் தங்கள் உள் இணைப்புகளுக்கு அந்த எண்களை வெறுமனே பெயருக்காக வைத்திருப்பார்கள். இரண்டு ஐபியையும் ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

ஓஎன்டியும் ரவுட்டர், எங்களுடையதும் ரவுட்டர். இரட்டை நேட் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

வெறும் பிரவுசிங், மெயில், ஜிஎஸ்டி தளம் என்றால் ஒன்றும் கெடாது. உள்ளிருந்து தொடங்கும் எதுவும் இரண்டு அட்டவணையையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்துவிடும். வெளியிலிருந்து வருவது, ஐபி ஃபோன், சில விபிஎன் வகைகள் மட்டும் படுத்தும். இரண்டு பெட்டியும் உள்ளே 192.168.1 என்றே வைத்திருந்தால் ரவுட்டருக்கு எது உள், எது வெளி என்று குழம்பி நெட்டே வராது.

சரியான மருந்து, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (நேட் செய்யாமல் வெறும் பாலமாக) போட்டு, கம்பெனி லைனில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரவுட்டரில் கொடுப்பது. கம்பெனி ஆள் ‘அதெல்லாம் முடியாது சார்’ என்றால் இரண்டாவது வழி: ஓஎன்டியில் டிஎம்ஸெட் என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் வேன் ஐபியைக் கொடுங்கள். வெளியிலிருந்து வருவதெல்லாம் உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும், பிறகு உங்கள் பாடு.

இந்த டிஎம்ஸெட் பெட்டியை உங்கள் சொந்த ரவுட்டரில் மட்டும் தொடாதீர்கள். அதில் ஒரு கணினியின் எண்ணைப் போட்டால் அந்தக் கணினி முழுதாக இணையத்தின் முன்னால் நிற்கும்.

நெட் கம்பெனியே நேட் செய்தால்?

சிஜிநேட் என்பார்கள். ஒரே பொது ஐபியைப் பல சந்தாதாரர்கள் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். அந்த அட்டவணை கம்பெனியின் கையில் இருக்கிறது, அதில் உங்களுக்காக ஒரு வரி எழுதச் சொல்ல முடியாது. எனவே உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரு பெயரோடு சேர்த்து வைக்கும் சேவை) போட்டாலும் அது கம்பெனியின் ஐபியைத்தான் காட்டும்.

ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது ஐபி) கேட்டு வாங்கலாம். வணிகத் திட்டங்களில் பெரும்பாலும் கொடுப்பார்கள். அல்லது உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கம் போடலாம்: மாத வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து, ஆபீஸ் ரவுட்டர் அதற்கு வயர்கார்டு (ஒரு விபிஎன் வகை) இணைப்பைத் தானே தொடங்கி உயிரோடு வைத்திருக்கும். வீட்டிலிருப்பவரும் அதே சர்வருக்கு வருவார். டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள் இந்த வேலையை நோகாமல் செய்துகொடுக்கின்றன. எத்தனை அடுக்கு நேட் இருந்தாலும் உள்ளிருந்து தொடங்கினால் வழி கிடைக்கும்.

டிவிஆர், டேலி, ரிமோட் டெஸ்க்டாப் ஆகியவற்றுக்கு போர்ட் திறக்கலாமா?

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ஒருபோதும் நேராகத் திறக்காதீர்கள். 33890 என்று மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்ப்பதற்கென்றே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் வெளிவந்த ‘புளூகீப்’ ஓட்டையில் கடவுச்சொல் இல்லாமலே பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய முடிந்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வாடிக்கையாளர்களின் கணக்கு ஒரே சர்வரில் இருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்பவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

டிவிஆரும் அப்படித்தான். 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஒரு படை திரட்டியது. அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மேல் அதை ஏவியபோது அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

விபிஎன் போடுங்கள். திறக்க வேண்டியது வயர்கார்டின் ஒரே ஒரு யுடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் நேராக அனுப்பும் முறை) போர்ட். சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. ‘ஃபோனில் ஆப் இருந்தால் போதும், முதலாளிக்கு விபிஎன் எல்லாம் வராது’ என்பார்கள். ஒரு முறை போட்டுக்கொடுத்தால் வரும்.

வெளியில் மொபைல் டேட்டாவில் கேமரா தெரிகிறது, ஆபீஸ் வைஃபையில் வந்தால் தெரியவில்லை. வினோதமாக இருக்கிறதே?

சிலர் இன்னும் போர்ட் திறந்துதான் வைத்திருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. நடப்பதை மெதுவாகப் பாருங்கள். உங்கள் ஃபோன் 10.37.20.88. ஆப்பில் 203.0.113.7, போர்ட் 8000 என்று கொடுத்திருக்கிறீர்கள். ரவுட்டர் ஃபார்வர்டிங் விதிப்படி பெறுநரை மட்டும் 10.37.20.50 என்று, அதாவது டிவிஆர் என்று மாற்றி உள்ளே திருப்பிவிடுகிறது. டிவிஆர் பார்க்கிறது: அனுப்பியது 10.37.20.88, பக்கத்திலேயே இருப்பவர். பதிலை ரவுட்டருக்குக் கொடுக்காமல் நேராக ஃபோனுக்கே அனுப்பிவிடுகிறது. ஃபோன் எதிர்பார்ப்பது 203.0.113.7-இலிருந்து பதில். 10.37.20.50 என்று யாரோ பேசுவதைக் கண்டு தூக்கி எறிகிறது.

ரவுட்டரில் நேட் லூப்பேக் அல்லது ஹேர்பின் நேட் என்று ஓர் அமைப்பு இருந்தால் இயக்குங்கள். உள்ளிருந்து வந்து உள்ளேயே திரும்பும் பாக்கெட்டுகளுக்கு அனுப்புநரையும் ரவுட்டரின் முகவரியாக அது மாற்றும். பதில் ரவுட்டர் வழியாகவே திரும்பும். இதைவிடச் சுத்தமான வழி, பெயர் வைத்துக் கூப்பிடுவது: ஆபீஸ் டிஎன்எஸ்-இல் அந்தப் பெயருக்கு 10.37.20.50, வெளியே 203.0.113.7.

நேட் இருந்தால் ஃபயர்வால் தேவையில்லை என்கிறார்களே?

தப்பு. வரி இல்லாத பாக்கெட்டை நேட் ‘தடுப்பதில்லை’, மாற்றாமல் விடுகிறது. அதை வீசி எறிவது ஃபயர்வால் விதியின் வேலை. கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டரில் இரண்டும் ஒன்றாகவே வருவதால் வித்தியாசம் கண்ணில் படாது.

மைக்ரோடிக்கைக் காலி அமைப்பிலிருந்து தொடங்கி, யூடியூப் பார்த்து மாஸ்கரேட் ஒரு வரி மட்டும் போட்டு நெட் வந்ததும் விட்டுவிடும் இடங்களில் இது வெளியே வரும். உங்கள் வேன் பக்கம் அதே பிணையத்தில் இருக்கும் ஒருவர், 10.37.20 வரிசைக்குப் போகும் வழி உங்கள் வேன் ஐபிதான் என்று தன் கணினியில் எழுதிவிட்டால், ரவுட்டர் மறுபேச்சு இல்லாமல் பாக்கெட்டை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். அது கூட அபூர்வம். ரவுட்டரே வெளியே திறந்து கிடப்பதுதான் பெரிய சங்கதி. அதன் டிஎன்எஸ் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லும், மைக்ரோடிக்கை அமைக்கும் வின்பாக்ஸ் நிரலின் 8291 போர்ட் திறந்திருக்கும். 2018-இல் வின்பாக்ஸ் ஓட்டை வழியாக எத்தனையோ மைக்ரோடிக்குகளின் கடவுச்சொற்கள் களவு போயின. நேட் உள்ளே இருப்பவர்களின் முகவரியைத்தான் மாற்றும், ரவுட்டரைக் காக்காது.

குறைந்தது இரண்டு விதி: வெளியிலிருந்து ரவுட்டருக்கு வருவதில் நாம் தொடங்கியதற்கான பதில் தவிர மற்றதை எறி, வெளியிலிருந்து உள்ளே போவதிலும் அதே.

யுபிஎன்பி?

அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எந்த நிரலும் யாரையும் கேட்காமல் போர்ட் திறந்துகொள்ள வழிவிடும் வசதி அது. வீட்டில் விளையாட்டுப் பெட்டிக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

ஐபி ஃபோனில் நாம் பேசுவது கேட்கிறது, எதிராளி குரல் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழைப்பே வருவதில்லை.

இரண்டு வேறு நோய்கள். முதலாவது, ஐபி ஃபோன்கள் பயன்படுத்தும் சிப் என்ற நெறிமுறை குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் செய்திக்குள்ளேயே எழுதுகிறது. ஃபோன் தனக்குத் தெரிந்த 10.37.20.61 என்று எழுதிவிடும். நேட் உறையின் மேல் இருக்கும் முகவரியை மாற்றும், கடிதத்துக்குள் இருப்பதைத் தொடாது. எதிர்ப்பக்கம் 10.37.20.61-க்குக் குரல் அனுப்பினால் எங்கே போய்ச் சேரும்? இதைச் சரிசெய்யத்தான் ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி வைத்தார்கள். உள்ளே புகுந்து திருத்தும். பாதி ரவுட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்திக் காரியத்தைக் கெடுக்கும். இப்போதைய சேவைகள் தங்கள் பக்கமே இதைச் சமாளித்துக்கொள்வதால் ஏஎல்ஜியை அணைப்பதே என் முதல் வேலை. 2020-இல் சாமி கம்கார் இதே ஏஎல்ஜியை ஏமாற்றி, ஒரு வலைப்பக்கத்தைத் திறக்க வைத்தே ரவுட்டரில் போர்ட் திறந்து காட்டினார். அணைப்பதற்கு அது இன்னொரு காரணம்.

இரண்டாவது, அட்டவணை வரியின் ஆயுள். யுடிபி வரி சும்மா இருந்தால் லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்களில் 30 விநாடியில் போய்விடும், இருபக்கமும் பேசிக்கொண்டிருந்தால் 120 விநாடி. ஆர்எஃப்சி 4787 இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்கிறது, எல்லோரும் கேட்பதில்லை. ஃபோன் மணிக்கொரு முறை பதிவு செய்தால் நடுவில் வரி அழிந்து, வரும் அழைப்புக்கு வழி தெரியாது. ஃபோனில் கீப்-அலைவ் (வரி அழியாமலிருக்க அவ்வப்போது தட்டுவது) 20 விநாடி என்று வையுங்கள்.

டிசிபிக்கு (முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறை) இவ்வளவு அவசரம் கிடையாது. லினக்ஸில் 5 நாள் வரை வைத்திருக்கும். தர ஆவணம் சொல்லும் குறைந்தபட்சம் 2 மணி 4 நிமிடம். சாப்பிட்டுவிட்டு வந்தால் சாஃப்ட்வேர் துண்டித்துவிடுகிறது என்றால் நடுவில் ஏதோ ஒரு நேட் அதைவிடக் குறைவாக வைத்திருக்கிறது.

இரண்டு கம்பெனி லைன் வைத்திருக்கிறோம். வங்கித் தளம் அடிக்கடி வெளியே தள்ளுகிறது.

இரண்டு லைனிலும் சுமையைப் பிரிக்கும் அமைப்பு ஒவ்வொரு இணைப்பையும் மாறி மாறி அனுப்புகிறது. நீங்கள் உள்நுழைந்தது ஒரு ஐபியிலிருந்து, அடுத்த பக்கம் கேட்பது இன்னொன்றிலிருந்து. வங்கி சந்தேகப்படாமல் என்ன செய்யும்? கணினிவாரியாகப் பிரியுங்கள்: ஆறு கணினி ஒரு லைன், ஆறு மற்றது, ஒன்று விழுந்தால் மட்டும் மாறட்டும். வேகம் கொஞ்சம் ஏறுக்குமாறாக இருக்கும், பரவாயில்லை.

லைன் மாறும்போது ஓடிக்கொண்டிருந்த இணைப்புகள் அறுவதைத் தடுக்க முடியாது, பொது ஐபியே மாறிவிட்டதே. ஆனால் ஒரு விஷமம் உண்டு. ஐபி ஃபோன் 20 விநாடிக்கொரு முறை தட்டிக்கொண்டே இருப்பதால் பழைய லைனின் வரி ஆயுள் முடியாமல் ஓடும். புது லைன் வந்து பத்து நிமிடம் ஆகியும் ஃபோன் செத்துக் கிடக்கும், மற்றதெல்லாம் வேலை செய்யும். ஃபோனை அணைத்துப் போடுவதைவிட, லைன் மாறியதும் ஃபோன்களின் வரிகளை அட்டவணையிலிருந்து நீக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ரவுட்டரில் வைத்துவிடுங்கள்.

எத்தனை பேர் வரை தாங்கும்?

போர்ட் எண்கள் 65,536 என்பதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம். வெவ்வேறு தளங்களுக்கு ஒரே எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியும். முட்டுவது ரவுட்டரின் நினைவகமும் அட்டவணை அளவும்தான். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் ஓடும், புதிதாக எந்தத் தளமும் திறக்காது, ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும் என்றால் அட்டவணை நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். புது ரவுட்டர் வாங்கும் முன் அட்டவணையை உள் ஐபி வாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரே கணினி ஆயிரக்கணக்கில் வரி வைத்திருந்தால் அதில் டொரண்ட் இருக்கும், இல்லையென்றால் வைரஸ்.

அப்படிப்பட்ட கணினி வெளியே அட்டூழியம் செய்தால் கெட்ட பெயர் முழு அலுவலகத்துக்கும்தான். எல்லோருக்கும் கூகுளில் ‘நீங்கள் ரோபோவா’ கேள்வி வரத் தொடங்குவது அதன் அறிகுறி.

யார் எங்கே போனார் என்று பதிவு வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு பொருத்த வேண்டும் என்கிறது. நேட்டுக்குப் பின்னால் பதிவு இல்லையென்றால், ‘இந்த நாள், இந்த நேரம், உங்கள் ஐபியிலிருந்து’ என்று கடிதம் வரும்போது பன்னிரண்டு பேரில் யார் என்று சொல்ல வழியில்லை. மலிவு ரவுட்டர் பதிவை நினைவகத்தில் மட்டும் வைத்து, கரண்ட் போனால் மறந்துவிடும். சிஸ்லாக் வழியாக ஒரு கணினிக்கு அனுப்பி வையுங்கள். உள் ஐபி, வெளி ஐபி, போர்ட், நேரம் நான்கும் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையைத் தனி வரிசையில் வைத்தால் தேடுவது எளிது.

ஐபிவி6 வந்தால் இதெல்லாம் போய்விடுமா?

ஐபிவி6 என்பது ஐபிவி4-க்கு அடுத்து வந்த, மிக நீண்ட முகவரிகள் கொண்ட முறை. அந்தப் பக்கத்தில் நேட் தேவையில்லை. ஒவ்வொரு கணினிக்கும் அதற்கே உரிய பொது முகவரி வரும். சிஜிநேட்டில் சிக்கியவர்களுக்கு இது நல்ல கதவு: ஆபீஸிலும் ஃபோனிலும் ஐபிவி6 இருந்தால் விபிஎன்னுக்கு ஸ்டாடிக் ஐபி வாங்காமலே வந்துவிடலாம். ஐபிவி4 மட்டும் உள்ள தளங்களுக்காக நேட்டும் பக்கத்திலேயே ஓடும்.

ஆனால் அட்டவணையில் வரி இல்லாததால் கிடைத்த மறைவும் போய்விடுகிறது. சில பழைய ரவுட்டர்களில் ஐபிவி6-ஐ இயக்கினால் அதற்கான ஃபயர்வால் தனியாக இயங்கவில்லை. டிவிஆர் தன் பொது முகவரியோடு வெளியே நின்றுவிடும். இயக்கிய அன்றே, வைஃபையை அணைத்த ஃபோனிலிருந்து டிவிஆரின் ஐபிவி6 முகவரியை உலாவியில் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுப் பாருங்கள். உள்நுழைவுப் பக்கம் திறந்தால் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டு ஃபயர்வாலுக்குப் போங்கள்.